நீலவாலும் நீலக்கன்னமும்: இரு பஞ்சுருட்டான்கள் பிரித்தறியப்பட்ட வரலாறு

பஞ்சுருட்டான் குடும்பத்தில் ஏறத்தாழ 30 பறவை இனங்கள் உள்ளன. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, ஆசியா, நியூ கினி, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளில் இவை பரவியிருக்கின்றன. மெலிந்த உடல், கீழ்நோக்கி வளைந்த நீண்ட கூரிய அலகு, குட்டையான கால்கள், பறக்கும் பூச்சியை வானிலேயே பிடிக்கும் திறன், மண்ணில் வளை குடைந்து முட்டையிடும் வழக்கம் ஆகியவை இக்குடும்பத்தின் பொதுப் பண்புகள். பெரும்பாலான இனங்கள் மெரோப்ஸ் என்ற பேரினத்தில் அடங்கும். அப்பேரினத்தில் உருவத்தால் நெருங்கியவை நீலவால் பஞ்சுருட்டானும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானும். முன்னதன் அறிவியல் பெயர் மெரோப்ஸ் பிலிப்பைனஸ். பின்னது மெரோப்ஸ் பெர்சிகஸ்.

இவை இரண்டும் ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களை அலைக்கழித்தது. 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் கிடைத்தன. 20ஆம் நூற்றாண்டில் பல நூல்கள் அவற்றை ஒன்றாக இணைத்தன. பிறகு மீண்டும் பிரித்தன. பாடம் செய்த பறவைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு விடை எளிதில் கிட்டவில்லை. உயிருள்ள பறவை எங்கே கூடு குடைகிறது, எந்தத் திசையில் வலசை போகிறது, அண்டையில் வாழும் மற்ற இனத்தோடு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்த பிறகே விடை தெளிவடைந்தது.

பழங்கால அறிவு

பஞ்சுருட்டான்களைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவுகள் நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து கிடைக்கின்றன. பண்டை எகிப்தின் மருத்துவக் குறிப்புகளில் கடிக்கும் ஈக்களை விரட்ட இப்பறவையின் கொழுப்பு பரிந்துரைக்கப்பட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் மெரோப்ஸ் என்ற பறவை மண்ணுக்குள் நீண்ட வளை குடைந்து முட்டையிடுவதைக் குறித்தார். தேனீ வளர்ப்போர் தம் தேன்கூடுகளுக்கு அருகில் இப்பறவை கூடு கட்டினால் அதை அழித்துவிடுவார்கள் என்பதும் அவர் நூலில் இருக்கிறது. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலும் தேனீக்களின் பகைகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தார்.

இந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பஞ்சுருட்டானைப் பற்றியவை. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் கோடையில் கண்ணில் படுவது அதுவே. நைல் கழிமுகத்தில் நீலக்கன்னப் பஞ்சுருட்டானும் இனப்பெருக்கம் செய்தாலும், பழங்கால எழுத்தாளர்கள் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டவில்லை. கிழக்கே ஆறுகளின் கரையில் வாழ்ந்த நீலவாலனோ அவர்களின் பார்வைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. ஒரு பொதுப்பெயருக்குள் எத்தனை இனங்கள் அடங்கும் என்ற எண்ணம் கப்பல்கள் உலகெங்கும் சென்று பறவைகளைச் சேகரித்து வந்த காலத்தில்தான் எழுந்தது.

பாரிஸின் சேகரிப்பும் லின்னேயஸின் பட்டியலும்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் ரெனே ரியாமூர் என்ற அறிஞர் பெரும் இயற்கைப் பொருள் சேகரிப்பு ஒன்றை வைத்திருந்தார். அதன் காப்பாளராக இருந்தவர் மாத்யூரின் ஜாக் பிரிசோன். அயல்நாடுகளிலிருந்து வந்த பறவைகளை ஒவ்வொன்றாக அளந்து, நிறம் குறித்து, 1760இல் ‘ஆர்னித்தோலோஜி’ என்ற ஆறு தொகுதி நூலாக அவர் வெளியிட்டார். பிரான்சுவா நிக்கோலா மார்த்தினே அதற்கான படங்களை வரைந்தார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெரிய பஞ்சுருட்டான் ஒன்றின் விளக்கம் அந்நூலில் இருந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த இன்னொரு பஞ்சுருட்டானும் அதில் இடம்பெற்றது. பின்னாளில் எழுந்த குழப்பத்தில் இந்த மடகாஸ்கர் பறவைக்கும் பங்கு உண்டு.

பிரிசோன் பிரெஞ்சு மொழியிலும் லத்தீனிலும் பெயரிட்டார். எனினும் அவருடைய லத்தீன் பெயர்கள் இரு சொற்பெயர் முறைக்குள் அடங்கவில்லை. ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸ் அம்முறையை நிலைநாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 10ஆம் பதிப்பு 1758இல் வெளிவந்தபோது மெரோப்ஸ் பேரினம் அதில் நிறுவப்பட்டது; ஐரோப்பியப் பஞ்சுருட்டான் அதில் மெரோப்ஸ் ஏபியாஸ்டர் எனப் பெயர் பெற்றது. 12ஆம் பதிப்பில் பிரிசோன் விளக்கிய 240 பறவை இனங்களை லின்னேயஸ் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். அவற்றுள் மடகாஸ்கர் பறவை 1766இல் மெரோப்ஸ் சூப்பர்சிலியோசஸ் ஆயிற்று. பிலிப்பைன்ஸ் பறவை 1767இல் மெரோப்ஸ் பிலிப்பைனஸ் ஆயிற்று.

லின்னேயஸ் இப்பறவையை உயிரோடு பார்த்தவர் அல்லர். பிரிசோனின் எழுத்தே அவருக்கு ஆதாரம். பிரிசோனும் பாடம் செய்த பறவையைக் கொண்டே எழுதினார். ஆகவே நீலவால் பஞ்சுருட்டானின் முதல் அறிவியல் விளக்கம் நிறத்தையும் அளவையும் மட்டுமே சொன்னது. அது எந்த மண்ணில் கூடு குடைகிறது, கூட்டமாக வாழ்கிறதா, ஆண்டின் எந்தப் பகுதியை எங்கே கழிக்கிறது என்பவை அதில் இல்லை. பிலிப்பைன்ஸ் என்று பெயரில் இருந்தாலும் சிந்துவெளி முதல் நியூ கினி வரை இப்பறவை பரவியிருப்பது வெகு காலம் கழித்தே தெரியவந்தது.

காஸ்பியன் கரையில் பாலஸ்

நீலக்கன்னப் பஞ்சுருட்டானின் வரலாறு வேறு வழியில் தொடங்கியது. பெர்லினில் 1741இல் பிறந்த பீட்டர் சைமன் பாலஸ், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அழைப்பை ஏற்று 1767இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். மறு ஆண்டு தொடங்கிய அவருடைய பெரும் பயணம் 1774 வரை நீடித்தது. வோல்கா ஆற்றுப் பகுதி, யூரல், காஸ்பியன் கடலோரம், சைபீரியா எனப் பரந்த நிலத்தில் அவர் செடிகளையும் விலங்குகளையும் மண்ணையும் மக்களையும் பதிவு செய்தார். பயண நூல் மூன்று பகுதிகளாக 1771 முதல் 1776 வரை வெளிவந்தது. 1773இல் வந்த இரண்டாம் பகுதியில் காஸ்பியன் கரையோரத்துப் பஞ்சுருட்டானுக்கு மெரோப்ஸ் பெர்சிகஸ் என்ற பெயரை அவர் அளித்தார்.

பாலஸ் பறவையின் நாட்டுக்கே சென்றவர். உப்பேறிய தாழ்நிலம், நாணல் அடர்ந்த நீர்நிலை, வெயிலில் காயும் மணல்மேடு ஆகியவை அடுத்தடுத்துக் கிடக்கும் காஸ்பியன் வடகரை நீலக்கன்னப் பஞ்சுருட்டானுக்கு இன்றும் உரிய நிலம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு பயணமும் இப்பறவையைக் கண்டது. டென்மார்க் அரசு அரேபியாவுக்கு அனுப்பிய குழுவில் லின்னேயஸின் மாணவர் பீட்டர் போர்ஸ்கால் இருந்தார். அவர் 1763இல் ஏமனில் காய்ச்சலுக்கு இரையானார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஒருவரான கார்ஸ்டன் நீபூர், போர்ஸ்காலின் குறிப்புகளை 1775இல் அச்சிட்டார். அதில் எகிப்தின் பஞ்சுருட்டானுக்கு மெரோப்ஸ் ஏஜிப்டியஸ் என்ற பெயர் இருந்தது. பாலஸின் பெர்சிகஸும் இந்த ஏஜிப்டியஸும் ஒரே பறவைதான். போர்ஸ்கால் பாலஸுக்கு முன்பே பறவையைக் கண்டிருந்தும் அவர் எழுத்து இரண்டு ஆண்டு பின்தங்கியே அச்சேறியது. முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை என்பது பெயரிடல் விதி. 19ஆம் நூற்றாண்டில் பல நூல்கள் போர்ஸ்காலின் பெயரையே பயன்படுத்தின. முன்னுரிமை விதி இறுக்கமாகப் பின்பற்றப்பட்டபோது பாலஸின் பெயர் நிலைத்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டு

இரண்டு பறவைகளும் சந்திக்கும் நிலம் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு. அதனால் அவற்றின் வேறுபாடு இந்தியப் பறவையியலின் வளர்ச்சியோடு சேர்ந்தே தெளிவடைந்தது.

தென்னிந்தியாவில் இப்பணியை முறையாகத் தொடங்கியவர் தாமஸ் ஜெர்டன். 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக சென்னைக்கு வந்த அவர், தீபகற்பப் பறவைகளின் பட்டியலை ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை கல்கத்தாவில் வெளிவந்த அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ நூலில் நீலவால் பஞ்சுருட்டான் விளக்கமாக இடம்பெற்றது. ஆண்டு முழுவதும் தெற்கில் காணப்படும் சிறிய பச்சைப் பஞ்சுருட்டானோடு ஒப்பிட்டால் இது பெரியது. நீர்நிலைகளை ஒட்டித் திரள்வது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் குளிர்காலத்தில் மட்டும் தங்குவது.

வடமேற்கில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பணியாற்றினார். 1871-72 குளிர்காலத்தில் அவர் சிந்துப் பகுதியில் பறவைகளைத் தேடிப் பயணம் செய்தார். அதன் பின் அவர் தொடங்கிய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழ் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து அதிகாரிகளும் பொறியாளர்களும் அனுப்பிய கள நிலவரங்களை அச்சிட்டது. ஒரு பறவை எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்ற செய்தி அப்போதுதான் குவியத் தொடங்கியது. ஹியூமின் கூடு, முட்டை பற்றிய நூல் 1873 முதல் 1875 வரை வெளிவந்தது.

முட்டைகளைக் கொண்டு இனங்களைப் பிரிப்பது அக்காலத்தில் பலருக்குப் பழக்கம். பஞ்சுருட்டான்களில் அது பயன்படவில்லை. இருண்ட வளைக்குள் மறைவாக இடப்படுவதால் இவற்றின் முட்டைகளுக்கு நிறமோ புள்ளியோ இல்லை. குடும்பம் முழுவதிலும் முட்டை உருண்டையாகவும் பளபளக்கும் வெண்மையாகவும் இருக்கும். நீலவாலனின் முட்டையை நீலக்கன்னனின் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிய வழியில்லை. ஆகவே பாடம் செய்த தோலையும் கூட்டு இடத்தையுமே நம்ப வேண்டியிருந்தது.

இலங்கையில் பீரங்கிப்படை அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ அத்தீவின் பறவைகள் பற்றிய அடிப்படை நூலாக அமைந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தையொட்டி வந்து, கோடை தொடங்கும்போது திரும்பும் வலசைப் பறவையாக நீலவாலன் அத்தீவில் அறியப்பட்டது. கிழக்குக் கரையோரத்தில் சிறு எண்ணிக்கையில் கூடு குடைவதும் பின்னர் பதிவாகியது.

1884 முதல் 1886 வரை லண்டனில் ஹென்றி ஈல்ஸ் டிரெஸ்ஸர் பஞ்சுருட்டான் குடும்பத்துக்கென்றே தனிநூல் ஒன்றை வெளியிட்டார். ஜான் கெரார்ட் கூலமன்ஸ் வரைந்த, கையால் வண்ணம் தீட்டப்பட்ட படங்கள் அதன் சிறப்பு. அதே ஆண்டுகளில், 1885இல், ஹியூம் தம் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அதைப் பொதி கட்டி எடுத்துவர ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் சிம்லாவுக்கே வந்தார். ஷார்ப் 1892இல் வெளியிட்ட அருங்காட்சியகப் பட்டியலின் 17ஆம் தொகுதியும், வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு 1895இல் எழுதிய ‘பிரிட்டிஷ் இந்திய விலங்குகள்’ வரிசையின் பறவைத் தொகுதியும் இக்குடும்பத்தை ஒழுங்குபடுத்தின. நூற்றாண்டு முடியும்போது நீலவாலும் நீலக்கன்னமும் தனித்தனி இனங்களாகவே நின்றன.

தோற்றத்தில் ஒப்புமை

அந்தத் தனித்தன்மை ஏன் மீண்டும் கேள்விக்கு உள்ளாயிற்று என்பதை அறிய, இரண்டின் தோற்றத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டும் உடலளவில் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ளவை. வாலின் நடு இறகுகள் இரண்டும் கம்பிபோல் நீண்டு இன்னும் சில செ.மீ. கூட்டும். நீலக்கன்னன் சற்றுப் பருமனானது. இரண்டுக்கும் கருத்த அலகு, சிவந்த விழி, கண்ணை ஊடுருவும் கரும்பட்டை, மஞ்சள் மோவாய், செம்பழுப்புத் தொண்டை, பசுமை படர்ந்த உடல் ஆகியவை பொது. ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

வேறுபாடுகள் மூன்று இடங்களில் தெளிவாகத் தெரியும். முதலாவது வால். நீலவாலனின் பிட்டமும் வாலும் தெளிந்த நீலம். நீலக்கன்னனின் வாலோ முதுகைப் போலவே பச்சை. இரண்டாவது முகம். நீலக்கன்னனின் நெற்றியில் வெண்மை உண்டு. அது வெளிர்நீலமாகக் கரைந்து கண்பட்டையின் மேலும் கீழும் படர்கிறது. நீலவாலனின் நெற்றி பச்சை. கண்பட்டைக்குக் கீழே மட்டும் ஒடுங்கிய நீலக்கீற்று ஓடும். மூன்றாவது இறக்கையின் அடிப்பகுதி. தலைக்கு மேல் பறக்கும்போது நீலக்கன்னனின் இறக்கை அடியில் செப்பு நிறம் ஆழ்ந்து தெரியும். நீலவாலனிடம் அது வெளிறியது. இவை தவிர, நீலவாலனின் தலையும் முதுகும் வெண்கலச் சாயல் ஏறிய பச்சை. நீலக்கன்னனின் பச்சை புல்லின் பளிச்சென்ற பச்சை.

புதிய இறகணிந்த முதிர்ந்த பறவைகளில் இவ்வேறுபாடுகள் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆனால் இறகு தேயும்போது பச்சை மங்கி நீலச்சாயல் தட்டும். இளம்பறவைகளுக்கு நீண்ட நடுவாலிறகு கிடையாது. தொண்டை நிறமும் முகநிறமும் மங்கலாக இருக்கும். அருங்காட்சியகப் பேழையில் நாள்பட்ட தோலின் நிறமும் மாறும். மடகாஸ்கரின் சூப்பர்சிலியோசஸ் பறவையோ பழுப்புத் தலையும் வெளிறிய புருவமும் கொண்டு, இரண்டுக்கும் உறவு காட்டும் மூன்றாம் வடிவமாக நின்றது. தோல்களை மட்டும் வரிசையாக அடுக்கியவருக்கு இம்மூன்றும் ஒரே இனத்தின் நாட்டு வேறுபாடுகளாகத் தோன்ற இடம் இருந்தது.

ஒன்றாக்கப்பட்ட காலம்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பறவை வகைப்பாட்டின் போக்கு மாறியது. முன்பு ஒவ்வொரு சிறு வேறுபாட்டுக்கும் தனி இனப்பெயர் அளிக்கும் பழக்கம் இருந்தது. அதற்கு மாறாக, தொடர்புடைய வடிவங்கள் வெவ்வேறு நாடுகளில் ஒன்றுக்கொன்று பதிலாக வாழ்ந்தால் அவற்றை ஒரே இனத்தின் துணை இனங்களாகக் கொள்ளும் கொள்கை வலுப்பெற்றது. மூன்று சொற்பெயர் முறை பரவலானது. உலகப் பறவைகளின் பட்டியல் இதனால் சுருங்கித் தெளிவடைந்தது. பல இடங்களில் அது நன்மையே செய்தது.

பஞ்சுருட்டான்களில் இந்தக் கொள்கை ஒரு பெரிய தொகுப்பை உண்டாக்கியது. மூன்று பெயர்களுள் பழமையானது லின்னேயஸின் 1766ஆம் ஆண்டுப் பெயர். எனவே மடகாஸ்கர் பறவையின் மெரோப்ஸ் சூப்பர்சிலியோசஸ் என்ற பெயரின் கீழ் நீலக்கன்னனையும் நீலவாலனையும் கொண்டுவரும் வழக்கம் தோன்றியது. இந்தியா, பர்மா, இலங்கை பற்றிய பறவை நூல்களிலும் நீலவாலன் பல காலம் இப்பெயரில் எழுதப்பட்டது. செனகலின் பறவையும் சுலவேசியின் பறவையும் ஒரே இனப்பெயரைச் சுமந்தன.

நூல்களைப் படிப்போருக்கு இது இடையூறு விளைவித்தது. ஒரே பெயரில் ஒரு நூல் பாலைவனப் பறவையையும் இன்னொரு நூல் நெல்வயல் பறவையையும் விளக்கியது. பழைய நூலில் மெரோப்ஸ் சூப்பர்சிலியோசஸ் என்ற பெயரைக் காணும் இன்றைய வாசகர் இடத்தையும் மாதத்தையும் பார்த்தே பறவையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கூடு குடையும் நிலம்

இரண்டும் ஒரே இனம் என்ற முடிவைத் தளர்த்தியது கூட்டு நிலமும் பரவல் எல்லையுமே.

நீலக்கன்னப் பஞ்சுருட்டான் வறண்ட நாட்டின் பறவை. எகிப்தின் நைல் கழிமுகம், துருக்கி, ஈராக், ஈரான், காஸ்பியன் சுற்றுப்புறம், கஜகஸ்தான் முதல் ஆப்கானிஸ்தான் வரையான மத்திய ஆசியா, பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகியவை அதன் இனப்பெருக்க நிலங்கள். சஹாராவின் மேற்கு விளிம்பில் மொராக்கோ, அல்ஜீரியா தொடங்கி செனகல், சாட் ஏரி வரை இன்னொரு துணை இனம் வாழ்கிறது. 1860இல் கபானிஸ், ஹைனே என்ற அறிஞர்கள் பெயரிட்ட இத்துணை இனத்தின் நடுவாலிறகு இன்னும் நீளமானது. பாலையையும் அரைப்பாலையையும் விரும்பினாலும் நீர் அருகிருக்க வேண்டும் என்பது இவற்றின் தேவை. உயர்ந்த ஆற்றங்கரை கிடைக்காத நாட்டில் தாழ்ந்த மணல்மேடு, சாலையோர வரப்பு, கால்வாய்க்கரை, சில வேளை சமதரை ஆகியவற்றிலேயே சாய்வாக வளை குடையும். கூட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. தனி இணையாகவும் கூடு குடையும்.

நீலவால் பஞ்சுருட்டான் ஆற்று நாட்டின் பறவை. கங்கைச் சமவெளி, அசாம், வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, இந்தோசீனா, தென்சீனா, பிலிப்பைன்ஸ், சுலவேசி, நியூ கினி எனக் கிழக்கு நோக்கி அதன் இனப்பெருக்கப் பரப்பு நீள்கிறது. ஆறு அரித்த செங்குத்து மண்கரையில் பெருங்கூட்டமாக வளை குடைவது அதன் இயல்பு. நெல்வயல், ஏரி, கழிமுகம், சதுப்பு ஆகியவை அதன் வேட்டைக்களம். தென்னிந்தியாவிலும் காவிரிக்கரையில், கர்நாடகத்தின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே, பருவமழைக்கு முந்தைய மாதங்களில் பெருந்திரளாகக் கூடு குடைகிறது.

இரண்டின் வளை அமைப்பும் ஒன்றே. அலகால் மண்ணைக் கொத்தித் தளர்த்தி, கால்களால் பின்னுக்குத் தள்ளி, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடையும். ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வளையின் முடிவில் முட்டை அறை இருக்கும். அங்கே வைக்கோலோ இறகோ பரப்புவதில்லை. செரிக்காத பூச்சி ஓடுகளை உருண்டையாக உமிழ்வது இப்பறவைகளின் வழக்கம். அந்த உருண்டைகள் நொறுங்கிப் படிந்ததே அறையின் தரை. முட்டை பொதுவாக ஐந்து முதல் ஏழு வரை. அடைகாத்தலும் குஞ்சுக்கு இரை தருதலும் இருபாலருக்கும் பொது.

பஞ்சாப், ஹரியானா, தில்லிப் பகுதிகளில் இரண்டு இனங்களின் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. கோடையில் இரண்டும் அங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. துணை இனங்களாக இருந்தால் சந்திக்கும் எல்லையில் அவை கலந்து, இடைப்பட்ட வடிவங்கள் தோன்ற வேண்டும். அப்படி ஒரு கலப்பு வரிசை அங்கே காணப்படவில்லை. ஒன்று தன் வறண்ட மேட்டிலும் மற்றது தன் ஆற்றங்கரையிலும் தத்தம் இணையோடு குடும்பம் நடத்துகின்றன. இனம் என்பதற்குரிய அடிப்படைச் சோதனையில் இரண்டும் தனித்து நின்றன என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்த வாதத்தைக் குடும்பம் முழுவதுக்கும் விரித்து ஆராய்ந்தவர் சார்லஸ் ஹிலரி ஃப்ரை. நைஜீரியாவில் பல ஆண்டுகள் பஞ்சுருட்டான்களைக் கவனித்த அவர், 1969இல் இக்குடும்பத்தின் பரிணாமத்தையும் வகைப்பாட்டையும் பற்றிய கட்டுரையை ‘ஐபிஸ்’ இதழில் வெளியிட்டார். 1984இல் வந்த அவருடைய ‘தி பீ-ஈட்டர்ஸ்’ நூல் டிரெஸ்ஸரின் நூலுக்கு நூறு ஆண்டு கழித்து எழுந்த முழுமையான குடும்ப வரலாறு. நீலவாலன், நீலக்கன்னன், மடகாஸ்கர் பறவை ஆகிய மூன்றையும் நெருங்கிய உறவினராக, ஆனால் தனி இனங்களாகக் காணும் பார்வை இதன் பின் உறுதிப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்துக்குச் சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கையேட்டிலும் இரு பறவைகளின் வாழிடமும் பரவலும் தனித்தனியே விளக்கப்பட்டன.

வலசைப் பாதைகள்

வலசையிலும் இரண்டும் வெவ்வேறு வழி செல்கின்றன. மத்திய, மேற்கு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்யும் நீலக்கன்னன்கள் கோடை முடிவில் ஈரானையும் அரேபியாவையும் கடந்து ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலப் புல்வெளிகளுக்குப் போகின்றன. சில தென்னாப்பிரிக்கா வரை எட்டுகின்றன. மேற்கு ஆப்பிரிக்கத் துணை இனம் கண்டத்துக்குள்ளேயே தெற்கு நோக்கி நகர்கிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வலசைக் காலத்தில் கூட்டம் கூட்டமாகத் தென்படும் நீலக்கன்னன் தென்னிந்தியாவில் அரிது.

நீலவாலனின் வலசை ஆசியாவுக்குள் அடங்குவது. வட இந்தியாவிலும் அதன் கிழக்கிலும் கூடு குடைந்தவை செப்டம்பர் வாக்கில் தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகின்றன. தஞ்சைக் கழிமுகத்தின் வயல்களிலும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளின் ஓரத்திலும் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருப்பவை இவையே. மார்ச், ஏப்ரலில் இவை வடக்கே திரும்புகின்றன. இன்னும் கிழக்கே வாழ்பவை மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா ஆகிய இடங்களில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

ஆகவே பஞ்சாபில் ஒரே கோடையை அருகருகே கழித்த இரு பறவைகளுள் ஒன்று மேற்கே ஆப்பிரிக்காவை நோக்கியும் மற்றது தெற்கே தீபகற்பத்தை நோக்கியும் பிரிகின்றன.

இரையும் தேனீ வளர்ப்பும்

பஞ்சுருட்டான்களின் கொட்டும் இரையைக் கையாளும் முறையை விளக்கியவரும் ஃப்ரைதான். பறவை தேனீயையோ குளவியையோ வானில் பிடித்துத் தன் அமர்விடத்துக்குத் திரும்பும். இரையின் தலையைக் கிளையில் மோதிக் கொல்லும். பிறகு அதன் வயிற்று நுனியைக் கண்களை மூடியபடி கிளையில் அழுத்தித் தேய்த்து நஞ்சை வெளியேற்றும். தும்பி போன்ற கொட்டாத இரைக்கு இந்தத் தேய்ப்பு இல்லை. கொட்டும் பூச்சியையும் கொட்டாததையும் பறவை வேறுபடுத்தி அறிகிறது என்பதற்கு இது சான்று.

நீலக்கன்னனும் நீலவாலனும் தேனீ, குளவிகளோடு தட்டான்களையும் தும்பிகளையும் பெருமளவு உண்கின்றன. இரண்டும் நீரருகே வாழ்வதே அதற்குக் காரணம். நீலக்கன்னனின் உணவில் வெட்டுக்கிளிகளும் சேரும். உமிழ்ந்த உருண்டைகளிலுள்ள இறக்கை, தாடை, ஓட்டுத் துண்டுகளை எண்ணியே ஆய்வாளர்கள் இவற்றின் உணவைக் கணக்கிட்டனர்.

தேனீ வளர்ப்போரின் பகைமை அரிஸ்டாட்டில் காலம் முதல் தொடர்கிறது. மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் வலசைக் காலத்தில் திரள்கள் தேன்பெட்டிகளருகே இறங்கும்போது உழைக்கும் தேனீக்கள் வெளியே வராமல் பெட்டியிலேயே தங்கிவிடும். தேன் சேகரிப்பு தடைப்படும். இதனால் பறவைகள் சுடப்பட்டதும் வளைகள் மூடப்பட்டதும் உண்டு. அதே பறவைகள் தேனீக்களை வேட்டையாடும் குளவிகளையும், பயிரை அழிக்கும் வெட்டுக்கிளிகளையும் உண்பதால் அவற்றின் கணக்கில் இழப்பு மட்டும் இல்லை. திரள் தங்கும் சில நாட்களுக்குப் பெட்டிகளை இடம் மாற்றுவது பறவைக்கும் தேனீ வளர்ப்போருக்கும் தீங்கில்லாத வழி.

இன்றைய நிலை

2007இல் பெஞ்சமின் மார்க்ஸ், ஜேசன் வெக்ஸ்டீன், ராபர்ட் மாய்ல் ஆகியோர் பஞ்சுருட்டான் குடும்பத்தின் உறவுமுறையை மரபணுத் தொடர்களைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டனர். நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு வரையப்பட்ட பழைய குடும்ப மரத்தைச் சோதிக்க அது வழி செய்தது. இன்று உலகளவில் பயன்படும் பறவைப் பட்டியல்கள் மெரோப்ஸ் பிலிப்பைனஸ், மெரோப்ஸ் பெர்சிகஸ், மெரோப்ஸ் சூப்பர்சிலியோசஸ் ஆகிய மூன்றையும் தனி இனங்களாகவே வைத்திருக்கின்றன. லின்னேயஸும் பாலஸும் தந்த பெயர்கள் நெடுஞ்சுற்று சுற்றி உரிய இடத்துக்கு வந்து சேர்ந்துள்ளன.

இரண்டு இனங்களும் உடனடி அழிவை எதிர்நோக்குபவை அல்ல என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. எனினும் கூட்டு நிலம் பல இடங்களில் குறைகிறது. இந்திய ஆறுகளில் மணல் அள்ளுவதாலும் கரைகளைக் கல்லால் மூடுவதாலும் நீலவாலனுக்கு வேண்டிய செங்குத்து மண்சுவர்கள் மறைகின்றன. கூட்டு மாதங்களில் ஒரே நாளில் கரை வெட்டப்பட்டால் ஒரு திரளின் ஓராண்டு இனப்பெருக்கம் முழுவதும் அழியும். வறண்ட நாட்டிலோ நீர்நிலைகள் வற்றுவதும் மணல்மேடுகள் சமப்படுத்தப்படுவதும் நீலக்கன்னனைப் பாதிக்கின்றன.

காப்பதற்கு வழிகளும் தெரிந்தவையே. தைவான் ஆட்சியிலுள்ள கின்மென் தீவுக்குக் கோடையில் நீலவாலன்கள் இனப்பெருக்கத்துக்கு வருகின்றன. 1995இல் அமைந்த தேசியப் பூங்கா அங்கே மண்சரிவுகளில் வளரும் செடிகொடிகளை அகற்றி, பறவை குடைவதற்கேற்ற வெற்று மண்முகப்பை ஏற்படுத்தித் தருகிறது. இந்திய ஆற்றங்கரைகளிலும் கூட்டு மாதங்களில் மண் எடுப்பதை நிறுத்தினால் பெரும்பயன் கிட்டும்.

இரண்டும் ஒரே இனம் என்று கொள்ளப்பட்டிருந்தால் ஒன்றின் நிலம் அழிந்தாலும் மற்றதன் எண்ணிக்கையைக் காட்டி அமைதி கொள்ள முடிந்திருக்கும். தனி இனங்கள் என்று நிலைநாட்டப்பட்ட பின் அதற்கு இடமில்லை. ஆற்றின் செங்குத்துக் கரையும் வறண்ட நாட்டின் மணல்மேடும் தனித்தனியே காக்கப்பட வேண்டியவை. ஒன்றின் கரையைக் காப்பதால் மற்றதற்குக் கூடு கிடைத்துவிடாது.